சொல்லரசி குமிழி விடுகிறாள்

பிப்ரவரி 3, திங்கள்

ஒரு வாரத்துக்கு வாயைத் திறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிசுகிசுக்கக்கூடக் கூடாதாம். இருபது வருடமாகப் பட்டிமன்ற மேடையில் பேசியே பெயர் வாங்கிய 'சொல்லரசி' சண்முகவடிவுக்கு இப்படி ஒரு தண்டனை. மனசில் வருவதையெல்லாம் எழுதித் தொலையுங்கள், இல்லாவிட்டால் வாய் தானாகத் திறந்துவிடும் என்றார். எங்க வீட்டுக்காரர் கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்து மிஞ்சிய டைரி வீட்டில் கிடந்தது. அட்டையில் 'வேலாயுதம் எலக்ட்ரிகல்ஸ், கோவில்பட்டி' என்று தங்க எழுத்து. அதிலேயே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். பொங்கல் பட்டிமன்றம் முடிந்து வீடு திரும்பிய அன்று குளியலறையில் வழுக்கி விழுந்தேன். வாளி விளிம்பு தொண்டையில் இடித்தது. குரல் போய்விட்டது. பிறகு கொஞ்சம் வந்தது, ஆனால் அது என் குரல் இல்லை. முறத்தில் அரிசி புடைக்கிற மாதிரி ஒரு சத்தம். உள்ளூர் டாக்டர் கொடுத்த மாத்திரையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு இன்றுதான் திருநெல்வேலிக்குப் போனோம்.

என் இடத்தில் இப்போது திலகராணி பேசுகிறாள். கைபிடித்து நான் மேடையேற்றிய பெண். நடுவர் ஆவுடையப்பன் ஐயா போனில், "குரல் வரட்டும்மா, பங்குனித் திருவிழாவுக்குப் பாப்போம்" என்றார். பங்குனித் திருவிழா எங்கள் ஊர் அம்மன் கோவில் மேடை. அது என் மேடை. அங்கே அவள் நின்று கைதட்டல் வாங்குவதை நான் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமா? அதற்குள் என் குரல் வர வேண்டும். வந்ததும் அதே மேடையில் அவள் முகத்தில் கரியைப் பூச வேண்டும். அதற்காகக் கழுதைக் காலையும் பிடிப்பேன்.

பிப்ரவரி 6, வியாழன்

வீடு பெருக்கினேன். உளுந்து ஊறப்போட்டேன். எங்க வீட்டுக்காரர் பாலில் மஞ்சளும் மிளகும் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். "நீ பேசாம இருக்கயில வீடு எம்புட்டு அமைதியா இருக்கு பாத்தியா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

குரல் பயிற்சி இன்று ஆரம்பம். சொல்லித் தருகிறவள் பெயர் பியூலா. பாளையங்கோட்டைக்காரி, முப்பது வயதுகூட இருக்காது. என் யூடியூப் பேச்செல்லாம் அவள் அம்மா பார்ப்பாளாம். முதலில் என்னை ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அதை எனக்கே போட்டுக் காட்டினாள். பாவி. ஆயிரம் பேர் கூட்டத்தைக் கட்டிப்போட்ட குரல் அது. இப்போது பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது.

பிறகு ஒரு தண்ணீர் பாட்டிலையும் உறிஞ்சு குழலையும் கையில் கொடுத்தாள். குழலைத் தண்ணீருக்குள் விட்டு 'ஊ' என்று சத்தம் கொடுத்துக்கொண்டே ஊத வேண்டும். குளுகுளு என்று குமிழி வரும். குரல் நாண்களுக்கு வலிக்காத வேலையாம்.

"எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி குமிழி விடச் சொல்லுதியே" என்றேன், அரிசி புடைக்கிற குரலில்.

"எல்.கே.ஜி. பிள்ளைக சொன்னதும் செஞ்சிரும் மேடம். பெரியவங்கதான் யோசிக்காங்க."

வாய்த்துடுக்குக்காரி. ஊதினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

குமிழி ஊதினேன், முனகினேன், சைரன் மாதிரி ஏற்றி இறக்கினேன். மானம் போனாலும் பரவாயில்லை என்று எல்லாம் செய்தேன். கடைசியில் பியூலா நாற்காலியை முன்னால் இழுத்து, "தொண்டைத் தசை கல்லு மாதிரி இறுகியிருக்கு. கொஞ்சம் நீவி விடணும்" என்று இரண்டு விரலை என் கழுத்தில் வைத்தாள்.

அவள் கையை நான் தட்டிவிட்டேன். தட்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பேனா கீழே விழுந்தது, அவ்வளவுதான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கழுத்தில் கூச்சம் என்று சொன்னேன். அவள் குனிந்து பேனாவை எடுத்தாள். ஏசியைக் குறைத்தாள்.

வெளியே பெஞ்சில் எங்க வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். "என்ன சொன்னா அந்தப் புள்ள" என்று கேட்டார். கார் கங்கைகொண்டான் தாண்டுகிறவரை திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டார்.

பிப்ரவரி 14, வெள்ளி

இனி போகப் போவதில்லை. முன்பின் தெரியாதவள் கழுத்தில் கை வைப்பாள், நான் காட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா?

பிப்ரவரி 17, திங்கள்

போகவில்லை. எங்க வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். "எதுக்குளா கெடந்து பாடுபடுத? பேசிச் சம்பாதிச்சது போதும். வீட்ல இரி" என்று தலையைத் தடவினார். மத்தியானம் அவரே புரோட்டா வாங்கி வந்தார்.

பிப்ரவரி 19, புதன்

கேபிள் டிவியில் சங்கரன்கோவில் பட்டிமன்றம் போட்டார்கள். திலகராணி எழுந்தாள். பட்டுப்புடவை, கையில் என்னை மாதிரியே ஒரு கர்ச்சீப்.

எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அவரவர் கதை அவரவருக்கு. ஒருவர் மேடையில் சொல்லும் வீட்டுக் கதையை இன்னொருவர் தொடக் கூடாது. ஆவுடையப்பன் ஐயா அதில் கறார். செத்துப்போன பேச்சாளர் கதையைக்கூட அவர் மனைவியிடம் கேட்டுவிட்டுத்தான் எடுப்போம். இவள் என்ன செய்தாள் தெரியுமா? என் டம்ளர் கதையை எடுத்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரருக்குக் கோவம் வந்தா கை நீட்ட மாட்டாரு. டம்ளரத்தான் வீசுவாரு. அதான் எங்க வீட்ல கண்ணாடி டம்ளரே கெடையாது, எல்லாம் எவர்சில்வரு."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இவள் புருஷன் துபாயில் இருக்கிறான். அங்கிருந்தா டம்ளர் வீசுகிறான்? சிறுக்கி.

அந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. அது அவளுக்குத் தெரியாது. அவள் வராத பொங்கல் மேடையில்தான் முதல்முறையாக அதைச் சொன்னேன். "ஒவ்வொரு நெளிசலையும் பாத்தா அது எந்தத் தீவாளின்னு சொல்லிருவேன்." அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் எங்க வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வழக்கம்போலக் கடைசியில் ஐயா அவரை மேடைக்குக் கூப்பிட்டு, "இம்புட்டு ஏச்சையும் கேட்டுக்கிட்டுச் சிரிக்கிற பொறுமைசாலி" என்று பொன்னாடை போர்த்தினார். காரில் வரும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன்.

நாளை போகிறேன். பியூலா கழுத்தை நெரித்தாலும் சரி. திலகராணியை விடுவதாக இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

போனேன். எங்க வீட்டுக்காரர், கடையில் ஆள் இல்லை, நீயே பஸ்ஸில் போய்க்கோ என்று சொல்லிவிட்டார். நல்லதாகப் போயிற்று.

பியூலா தொடவில்லை. "உங்க கைய நீங்களே வைங்க மேடம். எங்க வைக்கணும்னு மட்டும் நான் சொல்லுதேன்" என்றாள். என் கையை என் கழுத்தில் வைத்தேன். வைத்ததும் எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தேன். இதற்கு ஏன் கண்ணில் தண்ணீர் வர வேண்டும்? ஏசிக் காற்று நேராக முகத்தில் அடிக்கிறது, அதனால்தான்.

கிளம்பும்போது, "பிடிக்கலைன்னா நிறுத்திக்கலாம் மேடம். உங்க கழுத்து, உங்க இஷ்டம்" என்றாள். இந்த வார்த்தையை நான் மேடையில் எத்தனை பெண்களுக்காகப் பேசியிருப்பேன். எனக்கு ஒருத்தர் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

மார்ச் 6, வியாழன்

குரலில் ஈரம் வந்திருக்கிறது. மெல்லிசாக வருகிறது, ஆனால் கிழியவில்லை. தொண்டையிலிருந்து தள்ளாமல் வயிற்றிலிருந்து மெதுவாக விடச் சொல்கிறாள். நான் மேடையில் பேசுகிற மாதிரி எட்டி உதைத்துப் பேசினால் மறுபடி போய்விடுமாம். உதைக்காமல் பேசினால் எவன் கேட்பான் என்றேன். மைக் எதற்கு இருக்கிறது என்றாள்.

இன்று என் கைக்கு மேல் அவள் கையை வைத்தாள். கூச்சம் இருந்தது. பொறுத்துக்கொண்டேன். இந்தப் பக்கம் மட்டும் ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று அவள் கேட்டதற்கு, "அடுப்படியில விழுந்தேன்லா, திண்டு இடிச்சிருச்சு" என்றேன்.

"உங்க ஃபைல்ல குளியலறை, வாளின்னு இருக்கு மேடம்."

"ஆமா, வாளிதான்."

அவள் எதையும் திருத்தி எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

மார்ச் 9, ஞாயிறு

திலகராணி வீட்டுக்கே வந்துவிட்டாள். என்ன நெஞ்சழுத்தம். எங்க வீட்டுக்காரர் விருதுநகருக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். ஆப்பிள், ஹார்லிக்ஸ், கடலைமிட்டாய்ப் பொட்டலம் எல்லாம் மேஜையில் வைத்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை.

இருக்கிற குரலைத் திரட்டி, "என் கதையைத் திருடித் தின்னுட்டு எனக்கே மிட்டாய் கொண்டாந்தியோ?" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "திருடுனேனா? அக்கா, உங்க வீட்டு அண்ணாச்சிதான போன் பண்ணினாங்க. அவ இனிமே பேச மாட்டா, அவ கதையெல்லாம் நீயே வச்சுக்கோ, அவளே சொல்லச் சொன்னான்னாங்க. ஆவுடையப்பன் ஐயாட்டயும் அண்ணாச்சிதான் சொல்லியிருக்காங்க. குரல் வந்தாலும் கூப்பிடாதீய, அவளுக்கு இஷ்டமில்லன்னு."

"எப்ப பண்ணினாரு?"

"பொங்கலுக்கு மறுநாக் காலையில அக்கா. நான் தூங்கி எந்திரிக்கவே இல்ல."

பொங்கலுக்கு மறுநாள் காலையில் நான் எந்த டாக்டரிடமும் போயிருக்கவில்லை. குரல் திரும்ப வருமா வராதா என்று எனக்கே தெரியாது. அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

திலகராணியை உட்காரச் சொன்னேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். எவர்சில்வர் டம்ளரில்தான். அவள் அதன் நெளிசலை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு என் கழுத்தைப் பார்த்தாள்.

மார்ச் 10, திங்கள்

குளியலறையில் வாளியே கிடையாது. ஷவர் வைத்து நாலு வருடம் ஆகிறது.

மார்ச் 13, வியாழன்

இன்று பியூலாவின் கையை நானே எடுத்து என் கழுத்தில் வைத்தேன். "இங்க ஒரு கட்டைவிரலு. அந்தப் பக்கம் நாலு விரலு" என்றேன். நல்ல குரலில் சொன்னேன். பிசிறில்லாமல் வந்தது.

ஐயோ என்றெல்லாம் அவள் பதறவில்லை. கையையும் எடுக்கவில்லை. "இப்ப அவர் கூடத்தான் இருக்கீங்களா மேடம்?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். பெண்கள் உதவி நம்பர் ஒன்றைச் சொல்லி என் போனில் போட்டுக்கொள்ளச் சொன்னாள். மகளிர் காவல் நிலையத்துக்குத் தானும் கூட வருவதாகச் சொன்னாள். இன்றைக்கே வேண்டுமானாலும்.

"வாரேன். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு மேடை இருக்கு" என்றேன்.

பேச்சாளரைக் கொன்றால்கூட ஒரு விதத்தில் விட்டுவிடலாம். அவள் கதையைப் பிடுங்கி அடுத்தவளுக்குத் தானம் செய்துவிட்டு, அவளுக்கே பால் காய்ச்சிக் கொடுத்து, முன்வரிசையில் உட்கார்ந்து பொன்னாடை வாங்கிக்கொள்பவனை எப்படி விடுவது? வேலாயுதத்தை நான் விடப் போவதில்லை. அவனுக்கு ஊர்தானே முக்கியம், ஊர் முன்னாலேயே வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

வீட்டில் நான் ஊமை. கேட்டதற்கெல்லாம் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறேன். 'பயிற்சி பலிக்கவில்லை. டாக்டர் கைவிரித்துவிட்டார்' என்று எழுதினேன். அவன் வாசித்துவிட்டு, "விடு, எல்லாம் விதி" என்று பெருமூச்சு விட்டான். அன்றைக்கு ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகத் தின்றான்.

காலையில் அவன் கடைக்குப் போனதும் மிக்ஸியைப் போட்டுவிட்டுப் பேசிப் பழகுகிறேன். பக்கத்து வீட்டுக்காரி, தினமும் எதற்குத்தான் சட்னி அரைக்கிறாயோ என்று கேட்கிறாள்.

அவனுக்குத் தெரியாமல் பஸ்ஸில் திருநெல்வேலி போய் வருகிறேன். பியூலா நீவுவது இன்னும் பிடிக்கவில்லைதான். நடுவில் ஒருநாள் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அவள் காத்திருந்தாள். நிறுத்திவிடலாமா என்று இப்போது தோன்றுவதில்லை. அவன் முகம் ஞாபகம் வருகிறது, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

எல்லாம் கூடி வந்துவிட்டது. திருவிழாப் பட்டிமன்றத்தில் எனக்குப் பாராட்டு. இருபது வருடம் பேசி ஓய்ந்த சொல்லரசிக்கு ஒரு சால்வை, அவளைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்த கணவருக்கு ஒரு பொன்னாடை. யோசனை திலகராணியுடையது; அவளிடம் எல்லாம் சொல்லியிருந்தேன். ஆவுடையப்பன் ஐயாவுக்கு உள்விஷயம் தெரியாது. வேலாயுதத்திடம் கேட்டபோது, "அவளால பேச முடியாதே, மேடையில என்ன செய்யப் போறா" என்றானாம். "சும்மா கும்பிட்டா போதும் அண்ணாச்சி" என்று திலகராணி சொல்லியிருக்கிறாள்.

புது வேட்டி எடுத்து வந்திருக்கிறான். நான்தான் கஞ்சி போட்டேன். நல்ல மொடமொடப்பாகவே போட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு. திலகராணி வீட்டில்

நேற்று நடந்ததை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

கூட்டம் தேரடி வரை நின்றது. தலைப்பு, 'குடும்ப மகிழ்ச்சிக்குப் பெரிதும் காரணம் கணவனா, மனைவியா?' இதைவிடப் பொருத்தமாக நானே யோசித்தாலும் கிடைத்திருக்காது. திலகராணி டம்ளர் கதையைச் சொல்லவில்லை. "அது எங்க அக்கா கதை. அவங்கதான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ஐயா என்னையும் அவனையும் மேடைக்குக் கூப்பிட்டார். எனக்குச் சால்வை. அவனுக்குப் பொன்னாடை. "மனைவி வாயில்லாப் பூச்சியா ஆன பிறகும் கைவிடாத உத்தமர்" என்றார் ஐயா. கைதட்டல். அவன் நாலு பக்கமும் கும்பிட்டான். நான் திலகராணியைப் பார்த்தேன். அவள் எழுந்துவந்து மைக்கை என் கையில் கொடுத்தாள்.

உதைக்கவில்லை. பியூலா சொன்ன மாதிரி வயிற்றிலிருந்து மெதுவாக விட்டேன்.

"எல்லாருக்கும் வணக்கம்."

அவன் தலை வெடுக்கென்று திரும்பியது. அதைப் பார்ப்பதற்காகவே இன்னும் நூறு பாட்டில் குமிழி ஊதலாம்.

"எனக்குக் குரல் எப்படிப் போச்சுன்னு எல்லாரும் கேட்டிய. குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்தேன், வாளி இடிச்சதுன்னு சொன்னேன்." கூட்டத்தில் சிலர் சிரிக்கத் தயாரானார்கள். என் வாயிலிருந்து வந்தால் அது சிரிப்புக் கதைதான் என்பது இருபது வருடப் பழக்கம். "பொய்யி. வாளிக்கு விரல் கெடையாது."

இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள்.

என் குரல் சின்னதாகத்தான் வந்தது. கேட்பதற்காக முன்னால் இருந்தவர்கள் குனிந்தார்கள், பின்னால் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடலை கொறிக்கிற சத்தம்கூட நின்றுவிட்டது. இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியும் இப்படி ஒரு அமைதியை நான் வாங்கியதில்லை. பொங்கல் அன்றைக்கு வீட்டுக் கதவைச் சாத்தியதும் என்ன நடந்தது என்று சொன்னேன். எந்த விரல் எங்கே இருந்தது என்று சொன்னேன். அவன் அப்போது சொன்னதையும் சொன்னேன். "இனிமே எந்த ஊர்லடி என்னப் பத்திப் பேசுவ?"

"இந்த ஊர்லதான்" என்றேன்.

வேலாயுதம் மைக்கைப் பிடுங்க வந்தான். "இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சி ஐயா, மாத்திரை ஒத்துக்கல" என்றான். திலகராணி குறுக்கே வந்து நின்றாள். ஆவுடையப்பன் ஐயாவின் கை மேஜை மணிக்குப் போனது. பேச்சாளரின் நேரம் முடிந்தால் அடிக்கிற மணி.

"ஐயா, மணி அடிக்காதீய. என் கதை இன்னும் முடியல."

ஐயா என்னைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை பொன்னாடையும் தன் கையால் போர்த்தியவர் அவர். அதன் பிறகு தலையை நிமிர்த்தவே இல்லை. அவரிடமும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

டம்ளர் கதையை வாலோடு சொல்லி முடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒரு அம்மா மட்டும் எழுந்து நின்றாள். பிறகு பக்கத்தில் இருந்தவள் நின்றாள். அவன் மேடையிலிருந்து இறங்கிப் போக வழி விட ஒருவரும் நகரவில்லை. இடித்துக்கொண்டு போனான். அவசரத்தில் பொன்னாடையைக் கழற்ற மறந்துவிட்டான். அந்த ஜரிகை தேரடி வரை மின்னிக்கொண்டே போனது.

இன்று காலை பியூலா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தோம். எழுதிக்கொண்ட அம்மா, "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க" என்றாள். மூன்று தடவை சொன்னேன்.

ஏப்ரல் 17, வியாழன்

வீட்டிலிருந்து மிக்ஸியையும் என் புடவைகளையும் எடுத்து வந்தாயிற்று. டம்ளர்களையும் எடுத்து வந்தேன். நெளிசல் வாரியாகப் போலீஸில் கொடுத்திருக்கிறேன். மகன் சென்னையிலிருந்து போன் செய்து, "ஊர் முன்னாடி அப்பாவ இப்படிச் செய்யலாமாம்மா?" என்றான். தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்று வைத்துவிட்டேன்.

பயிற்சிக்குப் போனேன். பியூலா கழுத்தை நீவிவிட்டு, "மேடைல பேசியாச்சு. நினைச்சது நடந்துருச்சு. குரலும் போதுமான அளவு வந்துருச்சு. இனிமே இந்த அவஸ்தை வேணுமா மேடம்? நிறுத்தணும்னா நிறுத்திக்கலாம்" என்றாள்.

அவள் விரல் பட்டதும் இன்றும் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இனியும் பிடிக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

காலையில் வக்கீலைப் பார்த்தேன். வழக்கு நடக்கும் கோர்ட்டில் மைக் கிடையாதாம். ஆகவே திங்கட்கிழமையும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன்.